பச்சை உடம்பு: சிசேரியனுக்குப் பின் உடம்பும் மனசும் தேற ஒரு முழுமையான வழிகாட்டி

“குழந்தை பிறந்தாச்சா? நார்மலா, சிசேரியனா?”

பிரசவ வார்டு வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. “சிசேரியன்” என்று சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. கேட்டவர் “ப்ச்” என்று உச்சுக்கொட்டுகிறார். இயல்பாகப் பிறந்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சுகப்பிரசவம். அந்தப் பெயராலேயே மற்றதில் ஒரு குறை வந்து ஒட்டிக்கொள்கிறது.

என் முதல் பிள்ளை சிசேரியனில் பிறந்தான். பதினான்கு மணி நேரம் வலி எடுத்த பிறகு அவனுடைய இதயத் துடிப்பு குறைந்தது; அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் பார்க்க வந்த ஒரு அத்தை, “நோகாம பெத்துட்ட, கொடுத்து வச்சவ” என்றார். அந்த நேரத்தில் எனக்கு இருமுவதற்குக்கூடப் பயமாக இருந்தது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். நாட்டின் சராசரி 21.5 சதவீதம். இவற்றில் எத்தனை தேவையானவை என்ற விவாதம் அவசியம் நடக்க வேண்டும். ஆனால் தையலோடு படுத்திருக்கும் பெண்ணின் கட்டிலருகே அதை நடத்தக் கூடாது. அவளுக்கு அப்போது வேண்டியது தேறுவதற்கான வழி.

பிள்ளை பெற்றவளை நம் பாட்டிமார் ‘பச்சை உடம்புக்காரி’ என்பார்கள். சிசேரியன் ஆனவள் பிள்ளையும் பெற்றிருக்கிறாள், பெரிய ஆபரேஷனும் செய்துகொண்டிருக்கிறாள். அவள் உடம்பு இரண்டு மடங்கு பச்சை. இரண்டுக்கும் உரிய ஓய்வும் கவனிப்பும் அவளுக்குச் சேர வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

## முதலில்: உள்ளே என்ன நடந்தது?

அடிவயிற்றில் குறுக்காக ஒரு வெட்டு. 1900-ல் ஃபானன்ஸ்டீல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த முறையை ஒட்டியதுதான் இன்று பெரும்பாலும் போடப்படும் இந்தக் குறுக்கு வெட்டு. தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் வெட்டப்படுகின்றன. அடுத்து, வயிற்றுத் தசைகளை மூடியிருக்கும் கெட்டியான உறை. தசைகளை வழக்கமாக வெட்டுவதில்லை. இரண்டு பக்கமும் விலக்குகிறார்கள். பிறகு வயிற்றின் உட்சவ்வு, கடைசியாகக் கர்ப்பப்பை.

குழந்தையை எடுத்தபின் கர்ப்பப்பையையும் மேலே உள்ள அடுக்குகளையும் தைத்து வருகிறார்கள். 1882-ல் மாக்ஸ் சாங்கர் என்ற மருத்துவர் கர்ப்பப்பையைத் தைக்க வேண்டும் என்று வலியுறுத்தும்வரை, அதைத் தைக்காமல் விடுவதே வழக்கமாக இருந்தது. ரத்தப்போக்கிலும் கிருமித் தொற்றிலும் தாய்மார்கள் பெரும்பாலும் இறந்துபோனார்கள். இன்று நீங்கள் எழுந்து நடப்பதற்கு அந்த உள்தையலும் ஒரு காரணம்.

வெளியே ஒரே கோடாகத் தெரியும் தையலுக்கு அடியில் இப்படிப் பல அடுக்குகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. தோல் இரண்டு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். கீழே உள்ள உறைக்குப் பலம் வரக் குறைந்தது 6 வாரமாவது வேண்டும். “மேலே காய்ஞ்சிடுச்சே, அப்புறம் என்ன?” என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

## படி 1: முதல் 24 மணி நேரம்

முதுகில் போட்ட ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் கால்களிலிருந்து இறங்கும். உடம்பு நடுங்கலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். சிறுநீருக்குக் குழாய் போட்டிருப்பார்கள், கையில் டிரிப்ஸ் இருக்கும். நர்ஸ் அடிக்கடி வந்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். வலிக்கும். கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்குகிறதா, ரத்தப்போக்கு அதிகமாகிறதா என்று பார்க்கத்தான் அது.

இந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியவை:

- மரப்பு இறங்கியதும் கணுக்கால்களைச் சுழற்றுங்கள், பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். பிரசவத்துக்குப் பின் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து அதிகம். அசைவு அதைக் குறைக்கும்.
- வலி மாத்திரையைச் சொன்ன நேரத்துக்கு வாங்கிப் போடுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கஷ்டம். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை. பாலுக்குப் பயந்து வலியைப் பொறுக்க வேண்டாம்.
- உட்கார்ந்தால் மண்டை பிளப்பதுபோல வலித்து, படுத்தால் குறைகிறதா? அது முதுகு ஊசியால் வரும் தலைவலியாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, உடனே சொல்லுங்கள்.

## படி 2: முதல்முறை எழுந்து நிற்பது

அநேகமாக ஆபரேஷன் அன்றைக்கோ மறுநாளோ “எழுந்து நடங்க” என்பார்கள். அந்த முதல் எழுச்சி பல பெண்களுக்கு ஆபரேஷனைவிடக் கெட்டியாக நினைவில் நிற்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தையல் முழுவதும் ஒரே இழுப்பாக இழுக்கும்.

இப்படிச் செய்யுங்கள்:

1. முழங்கால்களை மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுங்கள். உடம்பை முறுக்க வேண்டாம்.
2. கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள்.
3. அதே நேரம் கீழே உள்ள முழங்கையையும் மேலே உள்ள உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி எழுந்து உட்காருங்கள். பலம் கையிலிருந்து வரட்டும், வயிற்றிலிருந்து வேண்டாம்.
4. இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். தலை சுற்றினால் மறுபடி படுத்துவிடுங்கள்.
5. ஆள் துணையோடு நில்லுங்கள்.

வயிறு அறுந்து கீழே விழுந்துவிடும் என்று தோன்றும். விழாது. எனக்கு அன்று கை கொடுத்த வார்டு ஆயாம்மா, கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்து என் அடிவயிற்றில் வைத்து, “இத இறுக்கிப் புடிச்சுக்க கண்ணு, குனியாத, நிமிர்ந்து நட” என்றார். வாசல்வரை எட்டு அடி. வேர்த்துக் கொட்டியது. ஆனால் அந்தத் தலையணை இரண்டு வாரம் என்னைவிட்டுப் போகவில்லை. இருமல், தும்மல், சிரிப்பு, மலம் கழிப்பது என எது வந்தாலும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலி குறையும்.

நடக்க நடக்கக் குடல் அசையும், வாயு பிரியும். சிசேரியனுக்குப் பின் பலரை வாட்டும் வயிற்று உப்புசத்துக்கு நடையே நல்ல மருந்து.

## படி 3: பால் கொடுப்பது

‘ஆபரேஷன் ஆச்சு, பால் ஊறாது’ என்பது உண்மையில்லை. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் ஆபரேஷன் முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சீம்பால் கொடுக்கத் தொடங்கலாம். சிலருக்கு முழுப்பால் இறங்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். அதுவரை ஊறும் சில சொட்டுச் சீம்பாலே குழந்தைக்குப் போதுமா என்பதைச் சிறுநீரும் எடையும் சொல்லிவிடும். மருத்துவமனையில் அதைக் கவனிப்பார்கள். அவர்கள் சொல்லாமல் புட்டிப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்க ஆசையோடு வரும் பெரியவர்களிடம், “பெயர் வைக்கும்போது நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும்” என்று வேறொரு உரிமையைக் கொடுங்கள்.

மடியில் குழந்தையைப் போட்டால் தையலில் உதைக்கும். இரண்டு நிலைகள் உதவும்:

- அக்குள் பிடி: குழந்தையின் உடல் உங்கள் விலாவோரம், கால்கள் முதுகுப் பக்கம், தலை உங்கள் உள்ளங்கையில். கைக்குக் கீழே தலையணை.
- ஒருக்களித்த நிலை: நீங்களும் குழந்தையும் வயிற்றோடு வயிறு பார்த்தபடி படுப்பது. கொடுக்கும்போது கண் அசந்துவிடாமல் இருக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

குழந்தையை உடையில்லாமல் உங்கள் வெற்று மார்பில் படுக்க வைப்பது பால் சுரப்பைத் தூண்டும். உங்களால் முடியாத நேரத்தில் குழந்தையின் அப்பா தன் மார்பில் போட்டுக்கொள்ளலாம். எல்லா முயற்சிகளுக்குப் பிறகும் பால் போதாமல் வேறு பால் கொடுக்க நேர்ந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

## படி 4: வீட்டை உடம்புக்கு ஏற்ப மாற்றுவது

வீடு திரும்பும் வழியிலேயே பாடம் தொடங்கிவிடும். ஒவ்வொரு வேகத்தடையும் தையலில் தெரியும். வயிற்றின் மேல் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை என்றால், 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி சிசேரியனும் மருந்தும் இலவசம். 7 நாள்வரை சாப்பாடும், வீடு திரும்ப வண்டியும் உங்கள் உரிமை.

வீட்டில் செய்ய வேண்டியவை:

- படுக்கை: தரையில் பாய் விரித்துப் படுத்து எழுவது முதல் சில வாரங்கள் வேண்டாம். கட்டில் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள்.
- கழிப்பறை: குந்தி உட்கார்ந்து எழுவது தையலுக்குச் சுமை. உட்காரும் வகைக் கழிப்பறை இல்லையென்றால், நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கும்.
- எடை: 6 வாரம்வரை உங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், ஈரத்துணி வாளி எல்லாம் இதில் அடங்கும். மூத்த குழந்தை ஓடிவந்தால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். அது மடியில் ஏறட்டும்.
- குழந்தையின் சாமான்கள்: துணி, நாப்கின் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். குனிவது பாதியாகக் குறையும்.
- மாடிப்படி: ஒரு நாளைக்கு ஓரிரு முறை, கைப்பிடி பிடித்து மெதுவாக.

## படி 5: தையலைப் பார்த்துக்கொள்வது

கட்டைப் பிரித்தபின் எப்போது குளிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிக்கும்போது தையல்மேல் தண்ணீர் ஓடலாம், தேய்க்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து முழுக்கக் காயவிடுங்கள். வயிறு மடிந்து தையலை மூடுகிறதென்றால் அங்கே வியர்வை தேங்கும். தினமும் கொஞ்ச நேரம் படுத்து அந்த இடத்தில் காற்றுப் பட வையுங்கள். மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் பூச வேண்டாம். உள்ளாடையின் பட்டி தையலுக்கு மேலே இருக்கட்டும்.

வேது குளியலில் முதுகுக்கும் காலுக்கும் வெந்நீர் ஊற்றுவது இதம் தரும். ஆனால் வயிற்றைப் பிடித்து அமுக்குவதோ, தையல்மேல் கொதிக்கும் நீரை வீசி அடிப்பதோ கூடாது. குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்; அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு அது ஆகாது.

தையலைச் சுற்றி மரத்துப்போனதுபோல இருக்கும். அங்கே வெட்டுப்பட்ட சிறு நரம்புகள்தான் காரணம். பல மாதங்களில் மெல்லச் சரியாகும். சிலருக்கு ஓர் ஓரத்தில் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாக நிற்கும். அரிப்பு ஆறுவதன் அடையாளம்.

ஆபரேஷன் என்றாலும் உதிரப்போக்கு உண்டு. முதலில் சிவப்பாக, பிறகு பழுப்பாக, மஞ்சளாக 4 முதல் 6 வாரம்வரை போகும். அதற்கு நாப்கினை அடிக்கடி மாற்றுங்கள்.

## படி 6: சாப்பாடும் பத்தியமும்

பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது, கழிக்க வேண்டியதும் இருக்கிறது. பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழிச் சாறு எல்லாம் அருமையான சாப்பாடு. பிரசவ லேகியம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

கழிக்க வேண்டியவை இரண்டு. தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்பது ஒன்று. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் வலிப்பது தையல்தான். தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள். பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் வைக்கும் என்பது இன்னொன்று. சீழுக்குக் காரணம் கிருமி. பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதம் காயத்தை ஆற்றும் சரக்கு. பால் கொடுக்கும் முதல் 6 மாதம் தாய்க்குத் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். வெறும் ரசம் சோற்றில் அது கிடைக்காது.

ஆபரேஷனில் ரத்தம் போயிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடர வேண்டும். கால்சியம் மாத்திரையும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரையோடு டீ, காபியும் கூடாது.

## படி 7: மனசு

மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும். பிரசவத்தோடு ஹார்மோன்கள் சரேலென்று இறங்குகின்றன, பால் கட்டுகிறது, தூக்கம் இல்லை. பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும் இந்த மனத்தளர்வு இரண்டு வாரத்துக்குள் தானாகக் கலையும்.

சிசேரியன் ஆனவளுக்கு இதன்மேல் இன்னொரு பாரமும் உண்டு. “என்னால் முக்கிப் பெற முடியவில்லையே”, “குழந்தையை முதலில் தூக்கியது நான் இல்லையே” என்று மனசு கணக்குப் போடும். அவசர ஆபரேஷன் என்றால், அந்த விளக்கும் பச்சைத் துணியும் ஓட்டமும் கண்ணை மூடினால் திரும்ப வரும். குழந்தை நன்றாக இருப்பதற்கு மகிழ்வதும், பிரசவம் நடந்த விதத்துக்கு வருந்துவதும் ஒரே மனசில் ஒன்றாக இருக்கலாம். வருத்தப்படுவதால் நீங்கள் நன்றி கெட்டவள் ஆகிவிட மாட்டீர்கள்.

எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். ஆறாம் வாரப் பரிசோதனையில் டாக்டரிடம், “எனக்கு ஏன் ஆபரேஷன் செஞ்சீங்க, முதல்லயிருந்து சொல்லுங்க” என்று கேட்டேன். அவர் காகிதத்தைப் புரட்டி, மணிவாரியாகச் சொன்னார். அதுவரை என் தலையில் துண்டுதுண்டாகக் கிடந்த அந்த இரவு, அதன் பிறகுதான் ஒரு கதையாகச் சேர்ந்தது. நீங்களும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த பிரசவத்துக்கும் அது தேவைப்படும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தைமேல் ஒட்டுதல் வரவில்லை, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்று தோன்றுகிறது. இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். திமிரோ சோம்பலோ கிடையாது. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உள்ளன. பேசத் தொடங்க மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, பல இரவுகள் தூங்காமலேயே படபடப்பாக இருப்பது, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடும் எண்ணம் ஆகியவை அவசர நிலை. இதைக் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை இழக்காதீர்கள். தாயைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

## படி 8: பலத்தை மீட்பது

முதல் 2 வாரம்: வீட்டுக்குள் நடை. மெதுவாக மூச்சு இழுத்து விடும்போது அடிவயிற்றை மென்மையாக உள்ளே இழுப்பது. சிறுநீர்க் குழாயை எடுத்தபின் இடுப்புத்தளப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோலச் சில நொடி இறுக்கி விடுவது. ஒன்பது மாதம் சுமந்ததே அந்தத் தசைகளைத் தளர்த்திவிடும். ஆபரேஷன் என்பதால் அவை தப்பவில்லை.

3 முதல் 6 வாரம்: தினமும் சில நிமிடம் நடையைக் கூட்டுங்கள். அன்றிரவு வலி கூடினாலோ உதிரம் மறுபடி சிவந்தாலோ, உடம்பு ‘போதும்’ என்கிறது என்று அர்த்தம்.

6 வாரத்துக்குப் பின்: பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்றபின் உடற்பயிற்சி, வண்டி ஓட்டுவது. வயிற்றின் நடுவே மேடு தள்ளினால் தசைகள் விலகியிருக்கலாம், பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். தாம்பத்தியத்துக்கு உடம்பு மட்டும் தயாரானால் போதாது, உங்கள் மனசும் சரி சொல்ல வேண்டும்.

வயிற்றில் துணி கட்டுவது எழுந்து நடக்கும்போது தாங்கலாக இருந்தால் கட்டலாம். மூச்சு முட்ட இறுக்கினால் தொப்பை குறையாது. முதுகுவலிக்கு ஊசியைக் குறை சொல்வது வழக்கம். நீண்ட நாள் முதுகுவலிக்குத் தளர்ந்த வயிற்றுத் தசையும், கூன் போட்டுப் பால் கொடுப்பதுமே பெரும்பாலும் காரணம்.

## இவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு

- 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- தையல் சிவந்து வீங்குவது, சீழ், துர்நாற்றம், தையல் பிரிவது
- ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், நாற்றமடிக்கும் உதிரம்
- ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி
- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
- தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு
- சிறுநீர் போக முடியாமை, எரிச்சல்

பச்சை உடம்போடு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இவற்றுக்குப் பொருந்தாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

## அடுத்த குழந்தையைப் பற்றி

கர்ப்பப்பைத் தையல் கெட்டிப்பட நேரம் வேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே குறைந்தது 2 வருடம் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் கொடுப்பதை மட்டும் நம்பாமல் கருத்தடை பற்றி ஆறாம் வாரத்திலேயே பேசிவிடுங்கள். ‘முதலில் சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்று விதி எதுவும் கிடையாது. முதல் ஆபரேஷனின் காரணத்தையும் வெட்டின் வகையையும் பார்த்து, அவசர ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனையில் பலர் அடுத்ததை இயல்பாகப் பெறுகிறார்கள்.

## வீட்டில் இருப்பவர்களுக்கு

இத்தனை படிகளையும் அவள் தனியாக ஏற முடியாது. இரவில் குழந்தையைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் வைப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அப்பாவின் வேலையாகட்டும். பார்க்க வருபவர்களை வாசலில் சமாளிப்பதை மாமியாரோ அம்மாவோ எடுத்துக்கொள்ளலாம். பெண் குழந்தை பிறந்ததற்கு முகம் சுளிப்பவர்களை உள்ளேயே விடாதீர்கள். மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் சம்பளத்தோடு கூடிய 26 வார விடுப்பு உண்டு. அதை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள்.

போன வருடம் என் தங்கைக்குச் சிசேரியன் ஆனது. பார்க்கப் போகும்போது குழந்தைக்குச் சட்டை வாங்கவில்லை. தூக்குவாளியில் பருப்புச் சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் எடுத்துப் போனேன். அவள் சாப்பிட்டு முடித்து, பால் கொடுத்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, “கதவச் சாத்திட்டுத் தூங்குடி” என்றேன். இரண்டரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணைத் தடம். ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்தபடி நிமிர்ந்து நடந்து வந்தாள். “அக்கா, பிள்ளை பொறந்து இன்னைக்குத்தான் தூங்கியிருக்கேன்” என்றாள்.

அவள் எப்படிப் பெற்றாள் என்று அன்று முழுக்க நான் கேட்கவே இல்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற இரண்டு கேள்விகள்தான் பச்சை உடம்புக்குத் தேவையாக இருந்தன.